வீட்டுக்குள் கடைப்பேச்சு

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, சாவி வெட்டுகிறவர் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவில் டைலரின் கடை இருக்கிறது. கடை என்று சொல்வதே கொஞ்சம் பெரிய மனசுதான். ஒரு தையல் மிஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்க ஒரு ஓவர்லாக் மிஷின், ஒரு வெட்டுமேசை, துணி மாற்றிப் பார்க்கத் திரை போட்ட ஒரு மூலை. புதிதாக எதையும் தைப்பதில்லை. பேண்ட் காலை மடித்துத் தைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது, இவ்வளவுதான் வேலை. கடைக்குப் பின்னால் இரண்டு அறைகள். அதுதான் வீடு.

பிறந்த ஊரில் அவர் ஒரு பெரிய ஆயத்த ஆடை ஆலையில் தைத்துக்கொண்டிருந்தார். அங்கே அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். அத்தனை மிஷின் இரைச்சலையும் தாண்டி மூன்று வரிசை தள்ளி இருப்பவரைச் சிரிக்க வைத்துவிடுவார். சூப்பர்வைசர் அவரை இடம் மாற்றி இடம் மாற்றி அலுத்துப்போனார். போன இடத்தில் எல்லாம் ஒரு கூட்டம் சேர்ந்தது. பெண் பார்க்கப் போன அன்றைக்குப் பெண்ணுக்குப் பேச இடமே தரவில்லை என்பது மனைவியின் தீராத புகார்.

இந்த ஊருக்கு வந்தபின் அந்த வாய்க்கு வேலை குறைந்தது. இங்கே பேசுகிற மொழி வேறு. டைலர் அதைக் கடைக்கு வேண்டிய அளவுக்குத்தான் கற்றுக்கொண்டார். வணக்கம் சொல்வார். இறுக்கமா, தொளதொளப்பா என்று கேட்பார். வியாழக்கிழமை தயாராகிவிடும் என்பார். கறை போகாது என்று வருத்தம் தெரிவிப்பார். வாடிக்கையாளர்களுக்கு அது போதும். அவருக்கும் போதும், ஏனென்றால் மிச்சப் பேச்சை எல்லாம் கொட்டுவதற்கு வீட்டில் மகள் இருந்தாள்.

மகள் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். மூன்று வயதில் இந்த ஊருக்கு வந்தாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மதிய ஷிப்ட். ஆகவே சாயங்காலம் முழுக்க மகள் வெட்டுமேசைமேல் உட்கார்ந்து வாயடிப்பாள். அவர் ஒன்று சொன்னால் அவள் பத்து சொல்வாள். அவர் குண்டூசிக்கும் நூலுக்கும் சண்டை மூட்டிக் கதை சொன்னால், அவள் நடுவில் புகுந்து பொத்தானைப் பஞ்சாயத்துக்குக் கூட்டி வருவாள். துணி கொண்டுவருகிறவர்கள் ஒன்றும் புரியாமலேயே நின்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் வகுப்பு டீச்சர் ஒரு யோசனை சொன்னார். வீட்டிலும் பள்ளிக்கூட மொழியில் கொஞ்சம் பேசினால் பிள்ளை சீக்கிரம் பிடித்துக்கொள்வாள் என்றார். நல்ல எண்ணத்தில் போகிற போக்கில் சொன்னதுதான். கொஞ்சம் என்றுதான் சொன்னார். ஆனால் டைலர் அளவு எடுத்தால் எடுத்ததுதான். அந்தக் ‘கொஞ்சம்’ மட்டும் அவர் காதில் ஏறவில்லை. அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டார்.

“இனிமே வீட்டுக்குள்ள தமிழ் கிடையாது. புள்ள படிச்சு ஆளாகணும்.”

“எனக்கு அவங்க பாஷையில ஈரம், காய்ஞ்சது, மடி, இதுதான் தெரியும். இத வச்சு நான் என்னத்தப் பேசுறது?” என்றாள் மனைவி.

“தெரிஞ்சதப் பேசு. அதுவா வளரும்.”

வளரும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஊரில் இருக்கிற தன் அக்காவோடு போனில் பேச மட்டும் மனைவிக்கு விலக்கு கிடைத்தது. அக்காவுக்கு இந்த மொழி தெரியாதே, பாவம்.

அடுத்த நாள் சாயங்காலம் மகள் பையை வீசிவிட்டு வழக்கம்போல மேசைமேல் ஏறினாள். டைலர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்: “வணக்கம். தயவுசெய்து அமருங்கள். இன்று என்ன வேண்டும்?”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்தாள். சாப்பாடு போடும்போது, “இந்த அளவு சரியாக உள்ளதா? கூட்டவா, குறைக்கவா?” என்றபோதும் சிரித்தாள். மூன்றாம் நாள் வாசற்படியில் தடுக்கி விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு அழுதபடி ஓடிவந்தாள். வாரி எடுத்துக்கொண்டவருக்குச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. முட்டியை ஊதிவிட்டு, “வருந்துகிறோம், சிறிய சேதம்தான்” என்றார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

பிறகு அவள் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. கதை கேட்பது நின்றது. தலையாட்டலும் விரல் நீட்டலுமாகக் காரியம் நடந்தது. டைலர் முதலில் சந்தோஷப்பட்டார். தமிழ் உள்ளே அடங்குகிறது, அந்த மொழி வெளியே வரப்போகிறது என்று கணக்குப் போட்டார். வாரங்கள் ஓடின. எதுவும் வரவில்லை. சாயங்காலங்களில் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. மிஷினை நிறுத்தினால் வீடு கப்சிப் என்று ஆகிவிடும். அதற்குப் பயந்துகொண்டு வேலை இல்லாத நேரத்தில்கூடக் கிழிசல் துணியை எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமைகளில் பக்கத்துத் தெரு நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள். டீச்சர் சொன்னார் என்று டைலர் மகளை அங்கேயும் கூட்டிப்போனார். கதை சொல்கிற பெண்மணி கலகலப்பானவர். பல மொழிப் படப்புத்தகங்களைக் கூடையில் வைத்திருந்தார். அதிலிருந்து தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுத்து, அவரவர் மொழியில் வாசித்துக் காட்டலாமே என்று டைலரிடம் நீட்டினார். மகள் நிமிர்ந்து பார்த்தாள். டைலர் சுற்றுமுற்றும் பார்த்தார். டீச்சர் காதுக்குப் போனால் என்ன ஆகும்? வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுப் புத்தகத்தைக் கூடையின் அடியில் செருகினார். வீடு வரும்வரை மகள் அவர் விரலை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பிள்ளை வகுப்பில் பேசுவதே இல்லை, விளையாடும்போதும் இல்லை என்றார் டீச்சர். வீட்டில் எப்படி என்று கேட்டார். வீட்டிலும் இல்லை என்று டைலர் ஒப்புக்கொண்டார். பேச்சைச் சோதிக்கிற ஒரு அம்மா அடுத்த வாரம் வருவார் என்றார் டீச்சர். குறை இருக்கிறது என்று அவர் சொன்னால், ஊரின் மறுகோடியில் பேச வராத பிள்ளைகளுக்கென்று இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு மாற்ற வேண்டிவருமாம். அங்கேயே தங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு விடுவார்கள். நல்ல இடம்தான், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். பயப்பட வேண்டாம் என்று யாராவது சொன்னபிறகுதானே பயமே ஆரம்பிக்கிறது!

மனைவி அழுதழுது அக்காவுக்குப் போன் போட்டாள். “பேச வராதவங்களுக்குன்னு தனி ஸ்கூலாங்க்கா. அங்கயே வச்சுக்குவாங்களாம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமைதான் கண்ணுல காட்டுவாங்களாம். நான் என்ன பண்ணுவேன்?” சுவரோரம் உட்கார்ந்து மகள் பொத்தான்களைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் டைலருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒருவருடைய பேண்ட் காலை முக்கால் கால்சட்டை அளவுக்கு வெட்டிவிட்டு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். சாயங்காலம் மகளை எதிரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். “நான் நலம். நீங்கள் நலமா? நன்றி.” ஒவ்வொரு சொல்லுக்கும் வாயை அகலத் திறந்து காட்டினார். மகள் அவர் உதடுகளைக் கவனமாகப் பார்ப்பாள். சொல் முடிந்ததும் அவர் கன்னத்தைத் தடவிக்கொடுப்பாள். அவ்வளவுதான். திரும்பச் சொல்ல மாட்டாள். ஒருநாள் பொறுமை இழந்து மேசையில் ஓங்கி அறைந்துவிட்டார். அவள் மிரளவில்லை. அவரைப் பாவமாகப் பார்த்தாள். டைலர் திரைக்குப் பின்னால் போய் நின்று அழுதார்.

சோதனை நாளன்று மனைவி லீவு போட்டாள். மகளுக்குப் புதுச் செருப்பு வாங்கிப் போட்டிருந்தார்கள். செருப்புக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

பள்ளிக்கூடத்தில் ஒரு சின்ன அறை. முழங்காலளவு நாற்காலிகள், வண்ணக் கட்டைகள், ஜன்னலில் ஒரு தொட்டிச்செடி. சோதிக்கிற அம்மாவுக்குக் கனிவான முகம். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். மகள் எல்லாவற்றையும் பார்த்தாள். எதற்கும் வாய் திறக்கவில்லை. மணியடித்துக் காட்டினார். திரும்பிப் பார்த்தாள், காது நன்றாகவே கேட்கிறது. அந்த அம்மா ஏதோ எழுதிக்கொண்டார். பேனா ஓடுகிற ஒவ்வொரு முறையும் டைலர் எட்டிப் பார்த்தார். போச்சு, எழுதிவிட்டார், அனுப்பப் போகிறார்.

“வீட்டுல என்ன பாஷை பேசுவீங்க?” என்று அந்த அம்மா தன் மொழியில் கேட்டார்.

இதற்காகத்தானே இத்தனை நாள் பாடுபட்டது! டைலர் நிமிர்ந்து உட்கார்ந்து, “உங்கள் மொழி மட்டும். முழு உத்தரவாதம்” என்றார்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “அதுக்கு முன்னாடி?”

மனைவிதான் மெல்லிய குரலில், “தமிழ்” என்றாள்.

“அதுல அவகிட்டப் பேசுங்க. எனக்குப் புரியாட்டாலும் பரவாயில்ல. சும்மா கேக்குறேன்.”

இது ஏதோ பொறி என்றுதான் டைலருக்குத் தோன்றியது. பேசினால் சட்டத்தை மீறியதாக எழுதிக்கொள்வார்கள். பேசாவிட்டால் பிள்ளை போய்விடும். மனைவி முழங்கையால் ஒரு இடி இடித்தாள். அவர் மகளைப் பார்த்தார். என்ன பேசுவது? சொல்லாமல் அடக்கிவைத்தது எல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டு நின்றது. அவள் கால்மாற்றிக் கால்மாற்றி வைத்துக்கொள்வது கண்ணில் பட்டது.

“என்ன கண்ணு, செருப்பு கடிக்குதா?”

மகள் அப்படியே நின்றாள். கண்கள் விரிந்தன. பிறகு அவரிடம் வரவில்லை. ஒரே ஓட்டமாக அந்த அம்மாவிடம் ஓடி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“பேசிட்டாரு! கேட்டீங்களா? எங்கப்பா பேசிட்டாரு! அவருக்குப் பேச்சு வருது. முன்னாடிலாம் ரொம்ப நல்லாப் பேசுவாரு, கதையெல்லாம் சொல்லுவாரு. அப்புறம்தான் என்னமோ ஆயிடுச்சு, ‘அமருங்கள், அமருங்கள்’னே சொல்லிட்டு இருந்தாரு. நான் மட்டும் பேசினா அவருக்குக் கஷ்டமா இருக்கும்ல, அதான் நானும் பேசல. எங்கப்பாவ அந்த ஸ்கூலுக்கு அனுப்பிடாதீங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் விட்டீங்கன்னா நான் சாயங்காலம் யாருகூட இருப்பேன்? அவர் பாவம். இனிமே நல்லாப் பேசுவாரு. நான் சொல்லிக்குடுக்குறேன்.”

மூச்சு விடாமல் சொன்னாள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு டைலரிடம் திரும்பினார்.

“எவ்வளவு பேசுறா! என்ன சொல்றா?”

டைலர் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். அவருக்குத் தெரிந்த கடை வார்த்தைகளில் இதைச் சொல்ல ஒன்றுகூட இல்லை. தன் பெண்ணுக்குத்தான் பேச்சு வரவில்லை என்று இத்தனை நாள் பதறியவர், அந்தச் சின்ன நாற்காலிகளுக்கு நடுவில் பேச வராமல் தவித்தார். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக மனசு வலித்தது.

மகள் வந்து அவர் சட்டை நுனியைப் பிடித்தாள்.

“சொல்லுப்பா. பயப்படாத. மெதுவாச் சொல்லு, அவங்க திட்ட மாட்டாங்க.”

அவர் சொன்னார். பாதி சொல்லாகவும் பாதி கையாகவும் சொன்னார். தன்னைத் தொட்டுக் காட்டி, “பேச்சு இல்லை. நான். இவள் இல்லை. நான்” என்றார். மிச்சத்தை மனைவி தன் ஈரமும் காய்ந்ததுமான நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒப்பேற்றினாள். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்தார், கண்ணையும் துடைத்தார். எழுதியிருந்த தாளின்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

“இவளுக்கு வேற ஸ்கூல் எதுவும் தேவையில்ல. எங்க பாஷைய நாங்க சொல்லிக்குடுத்துக்குறோம், அது எங்க வேலை. வீட்டுல நீங்க உங்க பாஷையிலயே பேசுங்க. நிறையப் பேசுங்க.”

டைலர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். மகளுக்கு அந்த மொழி புரிந்ததா இல்லையா தெரியவில்லை. அவர் முகத்தையும் அந்த அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவர் சட்டையை இழுத்து, அவர் குனிந்ததும் காதோடு கேட்டாள்.

“உன்னை எங்ககூட வீட்டுக்கு விட்டுட்டாங்களாப்பா?”

“விட்டுட்டாங்க கண்ணு,” என்றார் டைலர்.