வில்மாவின் கழுத்துச் சாவி

மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலை மாவட்டத்தில் மூன்று பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே நர்ஸ், வில்மா கிரைட்ஸ். காய்ச்சலில் விழுகிற பிள்ளைகள் அவள் வரும் கிழமை பார்த்துத்தான் விழ வேண்டும்.

மூச்சிரைப்புள்ள சிறுமி டெல்சியின் இன்ஹேலர் மருந்து அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். அடுத்த பள்ளிக்குப் போகும்போது அலமாரிச் சாவியை அலுவலகத்து ஆர்லீனிடம் கொடுத்துவிட்டுப் போவது வில்மாவின் வழக்கம். மாவட்டக் கல்வி அதிகாரி ஹட்சின்ஸ் இந்தக் குற்றத்தைக் கண்டுபிடித்தார். கண்டுபிடிக்க அவருக்கு அது ஒன்றுதான் அகப்பட்டது.

"சாவி நர்ஸ்கிட்டதான் இருக்கணும். சட்டம்."

"அப்போ நர்ஸை மூணா வெட்டிக் குடுங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. சாவி வில்மாவின் கழுத்தில் ஏறியது.

குழந்தைகள் நல வாரம் வந்தது. நீதிமன்றப் புல்தரையில் பிள்ளைக்கொன்றாக நீலக் காற்றாடி நட்டார்கள். நட்டுவிட்டால் நலம் தானாக முளைத்துவிடும் என்பது அவர்கள் ஐதீகம். சிறந்த நர்ஸ் விருது வில்மாவுக்கு. இருந்ததே ஒரு நர்ஸ். அவளும் முடியைச் சுருட்டிக்கொண்டு போனாள். வறுத்த கோழி உண்டு என்று சொல்லியிருந்தார்கள்.

மேடையில் ஹட்சின்ஸ், "நம்ம செல்வங்களோட ஒவ்வொரு மூச்சும்" என்று உருகிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற வில்மாவின் போன் அதிர்ந்தது. ஆர்லீன்.

"டெல்சிக்கு இழுக்குது வில்மா. உதடு நீலமாகுது. ஆம்புலன்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் இருக்காம்."

"சாவி என் கழுத்துல தொங்குது."

"தெரியும். அதான் கூப்பிட்டேன்."

"அலமாரியை உடைடி."

"எதால?"

"தீயணைக்கிற சிலிண்டரால. ஓங்கிப் போடு."

மைக் அதைப் பிடித்து ஊருக்கே சொன்னது. பேச்சில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. வில்மாவின் காதில் மட்டும் தகரம் நசுங்கும் சத்தம். ஒரு இடி, இன்னொரு இடி. பிறகு புஸ்ஸென்று மருந்து. பிறகு, நெடுநேரம் போலத் தோன்றிய இடைவெளிக்குப் பின், ஒரு சின்ன இருமல்.

கோழியைத் தொடாமல் அவள் காரை எடுத்தாள்.

டெல்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "ஆர்லீன் ஆன்ட்டி செமயா உடைச்சாங்க."

உடைந்த அலமாரிக் கதவு இனி மூடாது. மாற்றப் பணமில்லை என்றது மாவட்டம். பின்னாலேயே வந்து சேர்ந்த விருது கனமான கல்பலகை. வில்மா அதைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள்.

விருதோடு படம் எடுத்துக்கொள்ள வந்த ஹட்சின்ஸ் குனிந்து அதைத் தூக்கப் போனார்.

"எடுக்காதீங்க சார்" என்றாள் வில்மா. "கதவு திறந்துக்கும். மருந்து அலமாரி மூடியிருக்கணும். சட்டம்."