ஆயாம்மா போடாத பின்

ஒரு மஞ்சள் கயிறு, அதில் கொத்தாகத் தொங்கும் பத்துப் பதினைந்து பின்கள். எங்கள் ஸ்கூல் வேனில் வந்த ஆயாம்மாவை நினைத்தால், அவர் முகத்தைவிட முதலில், கழுத்தில் கிடந்த அந்தக் கொத்துதான் எனக்கு ஞாபகம் வருகிறது. புத்தகத்தில் அதை ஊக்கு என்று எழுதுவார்கள். ஆயாம்மாவுக்கு எல்லாமே பின்தான். சேலை மடிப்பில் குத்துவதும் பின், கொண்டையில் செருகுவதும் பின், காகிதத்தைக் கோத்து வைக்கிற குண்டூசியும் பின். இன்றைக்கு என் வேனில் வரும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் "அங்கிள், பின் இருக்கா?" என்று கேட்டால், போனுக்குச் சார்ஜ் போடும் வயரைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். பெட்ரோல் பங்கில் அட்டையை நீட்டினால் பின் நம்பர் போடச் சொல்கிறார்கள். கடிதத்துக்குப் பின்கோடு வேண்டும். நான் எட்டாவது வரை படித்தவன். ஒரு சின்னச் சொல் இத்தனை வேலை பார்ப்பது எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் பிள்ளைகளே, நான் சொல்ல வந்தது ஆயாம்மாவின் பின்னைப் பற்றி.

மயிலாப்பூர்த் தெருக்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இறக்குவது எங்கள் வேலை. நான் ஓட்டுவேன், ஆயாம்மா ஏற்றி இறக்குவார். ஆற்றோரம் இருந்த அவர் வீட்டை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே வேறு வீடு கொடுத்திருந்தார்கள். இரண்டு பஸ் மாறி வருவார். ஆனாலும் எனக்கு முன்னால் வந்து நிற்பார். எல்.கே.ஜி. பிள்ளையின் சட்டையில் கைக்குட்டை நழுவியிருக்கும், ஒருவனுக்குப் பட்டன் போயிருக்கும், ஒருத்தியின் பை வார் அறுந்திருக்கும். கயிற்றிலிருந்து ஒரு பின் கழன்று வரும். துணிக்கும் பிள்ளையின் உடம்புக்கும் நடுவில் தன் இரண்டு விரல்களை விட்டுக்கொண்டுதான் குத்துவார். "குத்துனா என் வெரல்ல குத்தட்டும் நைனா. கொழந்தைக்கு இன்னா தெரியும்?" என்பார். மூடிய பிறகு பின்னின் தலையை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார்.

ஒரு திங்கட்கிழமை, லஸ்ஸைத் தாண்டுவதற்குள் கடைசி சீட்டுப் பையன் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். ஆயாம்மா அவனைத் தாங்கிக்கொண்டிருந்தபோது, முன்னால் இருந்த யூ.கே.ஜி. பெண் ஸ்கர்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஹூக் பிய்ந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டினேன். ஆயாம்மா ஒரு கையால் பின்னைக் கழற்றி நீட்டினார். "நீ போடு நைனா. பாத்து." மணி அடித்துவிடுமே என்ற பதற்றம் எனக்கு. விரலை நடுவில் விடவில்லை. அழுத்திப் பார்க்கவும் இல்லை. குத்தினேன், மூடியதாக நினைத்துக்கொண்டேன், வண்டியை எடுத்தேன்.

மறுநாள் காலை அந்தப் பெண்ணின் அம்மா பள்ளிக்கூட கேட் அருகே நின்றிருந்தார். வேன் ஓனரையும் வரவழைத்திருந்தார். "ஆத்துக்கு வந்து டிரெஸ் மாத்தறச்சேதான் பாத்தேன். இடுப்புல நீளமா கீறிண்டு கெடக்கு. பின் தெறந்தே இருந்திருக்கு. கொழந்தை நாள் பூரா எப்படி உக்காந்திருக்கும்?" என்றார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஓனர் ஆயாம்மாவின் கழுத்துக் கயிற்றைப் பார்த்தார். ஆயாம்மா என்னைப் பார்த்தார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.

"என் பின்னுதாம்மா. தப்புதான்" என்றார் ஆயாம்மா.

"நாளைலேர்ந்து வராதம்மா" என்றார் ஓனர்.

அப்போது என் மகள் கைக்குழந்தை. வேலை போனால் என்ன செய்வது என்ற பயம். காரணம் அவ்வளவுதான். ஆயாம்மாவுக்கும் வேலை போனால் கஷ்டம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ஆயாம்மா இல்லாமல் வண்டி ஓடியது. பிள்ளைகள் ஒவ்வொரு தெருவிலும் "ஆயாம்மா எங்க?" என்று கேட்டார்கள். அந்த யூ.கே.ஜி. பெண்ணும் கேட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளை இறக்கி விட்டபோது அவள் அம்மாவிடம் போய் நின்றேன். "அன்னைக்குப் பின்னைப் போட்டது நான்தாம்மா" என்றேன். அவர் பெண்ணின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு, "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமோல்லியோ?" என்றார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. ஓனருக்கு அவரே போன் செய்தார். ஓனர் என்னைத் திட்டித் தீர்த்தார், ஆனால் வேலையை விட்டு எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஆயாம்மா வந்துவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். "இன்னா நைனா, மூணு நாளு லீவு வாங்கிக் குடுத்த. இன்னும் ரெண்டு நாளு சேத்துக் குடுத்திருந்தா ஊட்ல நல்லா தூங்கிக்கினு இருந்திருப்பேன்ல?" பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டாவது தெருவில் ஒரு பையன் பட்டன் இல்லாத சட்டையோடு ஏறினான். ஆயாம்மா பின்னைக் கழற்றினார். துணிப் பக்கம் போன கை பாதியில் நின்றது. "கண்ணு, ஆயா பின் போடட்டா?" என்று கேட்டார். அத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. பையன் ஒன்றும் புரியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலையாட்டும்வரை அந்தக் கை அங்கேயே நின்றது. நான் வண்டியை எடுக்காமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.