ஆண்டுவிழாவின் மலைவாசி

பதினொரு வருஷம் ஒரு பொய்யோடு வேலை பார்த்தாள் சாலம்மாள். பெரிய பொய் ஒன்றும் இல்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளிக்கு ஆயாம்மா வேலை கேட்டுப் போன அன்று, “எந்த ஊரு?” என்றார்கள். “கச்சிராயபாளையங்க” என்றாள். புருஷனோடு அங்கே நாலு வருஷம் குடியிருந்தது உண்மைதான். கரும்பு வெட்டப் போன இடத்தில் அவன் பாம்பு கடித்துச் செத்த பிறகுதான் அவள் வேலை தேடிக் கிளம்பினாள். ஆனால் பிறந்தது கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடக்க வேண்டிய ஊர். அன்றைக்கு அவளுக்கு முன்னால் நின்ற பெண் மலை என்று உள்ளதைச் சொன்னாள். ஆபீசில் இருந்தவர், “சாராயம் காய்ச்சற கூட்டமாச்சே” என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அடுத்த ஆள் சாலம்மாள்.

பிள்ளைகளின் வாந்தியை அள்ளுவாள். அவசரத்தில் வகுப்பிலேயே வெளிக்கு இருந்துவிட்ட குழந்தையைக் கழுவி, மாற்றுத்துணி உடுத்தி, அழுகை நிற்கும் வரை இடுப்பில் வைத்திருப்பாள். மற்ற ஆயாம்மாக்கள் மூக்கைப் பொத்துகிற வேலையெல்லாம் அவள் பக்கம்தான் வரும். அவளுக்கு அதில் அருவருப்பு வந்ததே கிடையாது. அருவருப்பு எப்படி இருக்கும் என்று அவள் தெரிந்துகொண்டது போன ஆண்டுவிழாவில்.

நடனம் சொல்லிக் கொடுக்க உளுந்தூர்பேட்டையிலிருந்து ஜெயப்பிரகாஷ் மாஸ்டர் வந்தார். ஒரு காலத்தில் சினிமாவில் கூட்டத்தோடு ஆடியவர். இப்போது ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போகிறார். மூன்றாம் வகுப்புக்கு அவர் எடுத்துக்கொண்டது ‘மலைவாழ் மக்கள் நடனம்’. பச்சை பிளாஸ்டிக் தாளைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து இடுப்பில் கட்ட வேண்டும். தலையில் கோழி இறகு. உடம்பெல்லாம் கறுப்புச் சாயம். அந்தச் சாயப் பொடியை எண்ணெயில் குழைத்து ஒத்திகையிலிருந்தே பிள்ளைகளுக்குப் பூசும் வேலை சாலம்மாளுக்கு வந்தது.

ஒத்திகையில் மாஸ்டர் கத்திக்கொண்டே இருப்பார். “காட்டுவாசிங்கடா நீங்க. முதுக வளை. நாக்க வெளிய தள்ளு. டேய், மனுஷன் மாதிரி நடக்காத.”

கதவோரம் சாயக் கிண்ணத்தோடு நின்ற சாலம்மாளுக்கு அடிவயிற்றிலிருந்து எதுவோ புரண்டு தொண்டைக்கு வந்தது. காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று முதலில் நினைத்தாள். மறுநாளும் அதே சொல்லுக்கு அதே குமட்டல் வந்தபோதுதான் விஷயம் சாப்பாட்டில் இல்லை என்று புரிந்தது.

சாயம் பூசிக்கொள்ள வந்த இசைவாணி என்ற சின்னப்பெண் கேட்டாள். “ஆயாம்மா, மலையில இருக்கறவங்க குளிக்கவே மாட்டாங்களாமே? மாஸ்டர் சொன்னாரு.”

“குளிப்பாங்க பாப்பா. தண்ணி சில்லுனு இருக்கும். அதனால சீக்கிரமா குளிச்சிருவாங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சாலம்மாள் அவள் முகவாயைத் தூக்கிக் கழுத்தில் சாயத்தைத் தடவினாள்.

அவள் ஊரிலும் ஆட்டம் உண்டு. புருஷன் செத்த வருஷம் கோயில் திருவிழாவுக்குப் போய் ஓரமாக நின்றிருந்தாள். யாரும் அவளைக் கைபிடித்து இழுக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. வட்டமாக ஆடி வந்த பெண்கள் அவள் நின்ற இடம் வரும்போது மட்டும் அடியைக் கொஞ்சம் மெதுவாக வைத்தார்கள். மூன்றாவது சுற்றில் அவள் கால் தானாக உள்ளே போயிற்று. அங்கே எல்லோரும் ஆடுகிறவர்கள். வேடிக்கை பார்க்கவென்று ஒருவரும் இல்லை. இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. சொன்னால் என்னவாகும் என்று இப்போது கண்முன்னால் தெரிந்தது. அதற்கும் இறகு செருகிவிடுவார்கள்.

ஆனாலும் ஒருநாள் தாங்க முடியாமல் மாஸ்டரிடம் போய் நின்றாள்.

“சார், நான் மலைதாங்க. வெள்ளிமலைக்கு அந்தாண்ட. எங்க ஊர்ல யாரும் எலைய கட்டிக்கினு ஆட மாட்டாங்க. பொடவதான் கட்டுவோம். நாக்கெல்லாம் நீட்ட மாட்டோம்.”

அவர் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தாள். மலர்ந்தது. “இன்னாம்மா, இத்தினி நாளு சொல்லவே இல்ல?” என்று அவளை நேரே தாளாளர் அரங்கநாதனிடம் கூட்டிப் போனார்.

தாளாளர் அவளைத் தலை முதல் கால் வரை, புதிதாக வந்து இறங்கிய சாமானைப் பார்ப்பது போலப் பார்த்தார். பொய் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “நிஜ மலைவாசியே நம்மகிட்ட இருக்காங்க. டான்ஸ் முடிஞ்சதும் மேடைக்கு ஏத்தி சால்வை போட்டுரலாம். நல்லா இருக்கும்.”

“டான்ஸ மாத்தணும்னு சொல்லத்தாங்க வந்தேன்” என்றாள் சாலம்மாள்.

மாஸ்டர் சிரித்தார். “பொடவ கட்டி ஆடுனா மலைவாசின்னு எவனுக்கும்மா தெரியும்? கலைன்னா கொஞ்சம் கூட்டித்தான் காட்டணும்.”

வாடகை வீடு, வேலை, பதினொரு வருஷம் என்று என்னென்னவோ அவள் மனதில் ஓடியது. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதை அவர்கள் சரி என்று எடுத்துக்கொண்டார்கள்.

விழா அன்று பிள்ளைகள் நாக்கை நீட்டி, ஊளையிட்டு ஆடினார்கள். கூட்டம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கைதட்டியது. கடைசியில் சாலம்மாளை மேடைக்கு ஏற்றி, கழுத்தில் பாசிமணி மாட்டி, கையில் அட்டையில் செய்த வில் ஒன்றைக் கொடுத்தார்கள். சிறப்பு விருந்தினர் சால்வை போர்த்தினார். நிகழ்ச்சியை நடத்திய டீச்சர் மைக்கை அவள் வாயருகே நீட்டி, “உங்க பாஷையில ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா” என்றாள்.

“எங்க பாஷையும் தமிழ்தாங்க” என்றாள் சாலம்மாள்.

கூட்டம் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தது. இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

இறங்கி வந்து சால்வையையும் பாசிமணியையும் நாற்காலியில் போட்டுவிட்டுப் பிள்ளைகளின் சாயத்தைக் கழுவ உட்கார்ந்தாள். சாயம் லேசில் போகவில்லை. தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தொட்டுப் பழந்துணியால் துடைத்தாள். இசைவாணியின் கழுத்தைத் துடைத்தபோது அந்தப் பிள்ளை கையைத் தட்டிவிட்டு அழுதது. சாயத்துக்கு அடியில் தோல் தடித்துச் சிவந்து கிடந்தது.

திங்கட்கிழமை இசைவாணியைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வந்துவிட்டாள். தாளாளர் அறையில் மாஸ்டரும் இருந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

“சாயத்தக் கொழச்சது யாரு? நீதானே?” என்றார் தாளாளர். “மலைச் சரக்கு எதனா கலந்தியா, பச்சிலை கிச்சிலை?”

அவளுக்குச் சால்வை போடலாம் என்று சொன்ன அதே வாய். சாலம்மாளுக்கு அந்த அறையின் வாசனைத் திரவியம்கூட நாறியது.

“பொடிய மாஸ்டர்தாங்க குடுத்தாரு. நான் எதையும் கலக்கல.”

“தெரியாம கலந்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடு. இதோட முடிச்சுக்கலாம். வேலைக்கு ஒண்ணும் ஆவாது.”

சாலம்மாள் இசைவாணியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கழுத்தைப் பார்த்தாள். “இன்னும் எரியுதா பாப்பா?” பிள்ளை தலையாட்டியது. பிறகு அதன் அம்மாவிடம் சொன்னாள். “தடவுனது என் கைதாங்க. மொத நாளே தடவ மாட்டேன்னு சொல்லியிருக்கணும். வேல போயிடுமோன்னு பயந்துக்கினு இருந்துட்டேன். அது என் தப்பு. ஆனா இவரு சொல்றத எழுதிக் குடுக்க மாட்டேன்.”

அந்த அம்மா என்ன நினைத்தாளோ, தாளாளரை ஒருமுறை பார்த்தாள், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். அன்று சாயங்காலமே சாலம்மாளுக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

இப்போது சின்னசேலம் பக்கம் ஒரு சவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கு உரிக்கிறாள். ஆலைக் கழிவுநீரின் புளித்த நாற்றம் பஸ் நிறுத்தம் வரைக்கும் வரும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் சாப்பிட மாட்டார்கள். சாலம்மாள் முதல் நாளே நன்றாகச் சாப்பிட்டாள்.

வந்து இரண்டு மாதம் கழித்து, பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு உரிக்கும் தங்கமணி சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டினாள். “யக்கா, இது நீயா பாரு. எங்க சொந்தக்காரங்க குரூப்ல வந்துச்சு.”

மேடை, வில், சால்வை. சாலம்மாள் முழுவதும் பார்த்தாள். அன்றைக்குத் தன் முகம் கல் மாதிரி இருந்ததாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். வீடியோவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சால்வை விழுந்த நேரம் கூசிக் குனிந்து, எல்லாப் பல்லும் தெரிய, யாரோ பெரிய தயவு செய்துவிட்டது போல ஒரு சிரிப்பு. மாஸ்டர், தாளாளர், கூட்டம் எல்லாரையும்விட அந்தச் சிரிப்புதான் அவளுக்குச் சகிக்கவில்லை. வாயில் இருந்த சோற்றை விழுங்க முடியாமல் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

“அழிச்சிடு தங்கமணி.”

“அழிக்கறேங்க்கா. ஆனா நெறைய பேருகிட்ட இருக்குமே.”

“இருக்கட்டும். உன்கிட்ட வாணாம்.”

தங்கமணி அழித்தாள். திரையைத் திருப்பிக் காட்டினாள். பிறகு தன் டப்பாவிலிருந்த கருவாட்டுத் துண்டு ஒன்றை எடுத்து சாலம்மாளின் சோற்றில் வைத்தாள். சாலம்மாள் அதைப் பிட்டுத் தின்றாள்.