பெற்றோர் கையொப்பம்

எங்கள் கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வெளியே வருகிறதென்றால் அதன் அடியில் "பெற்றோர் கையொப்பம்" என்று ஒரு கோடு இருந்தே தீரும். விடுப்புக்கு, சுற்றுலாவுக்கு, பஸ் பாஸுக்கு, நூலகத்தில் தொலைந்த புத்தகத்துக்கு, எல்லாவற்றுக்கும் அந்தக் கோடு உண்டு. பையன்கள் பைக் நிறுத்துகிற கொட்டகை நிழலில் உட்கார்ந்து அப்பன் கையெழுத்தை அவர்களே போட்டுக்கொள்வார்கள். ஒருத்தரும் கேட்பதில்லை. பெண்பிள்ளை என்றால் மட்டும் கிளார்க் அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்ப்பார். அவள் ஓட்டுப் போட்டவளாக இருந்தாலும் சரி. கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டுக்கு நடுவில் நிற்கும் அந்தக் கல்லூரியில் பதினோரு வருஷமாகக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கோடு எதற்கு என்று நானும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

போன வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர், மாணவர் இடையே காதல் உறவு ஏற்பட்டால் கல்லூரி என்ன செய்யும் என்று விதி எழுதி வைக்க வேண்டுமாம். முதல்வர், ஒரு மூத்த பேராசிரியர், பெண் ஒருத்தி வேண்டுமே என்பதற்காக நான், மூன்று பேர் உட்கார்ந்தோம்.

"காதலே கூடாதுன்னு ஒரே வரியில போட்டா முடிஞ்சுபோச்சு. இதுக்கு எதுக்கு மூணு பேரு, வடை, காப்பி?" என்றார் மூத்தவர்.

"கூடாதுன்னு போட்டா நடக்காதா சார்? நடக்கும். ஒளிஞ்சு நடக்கும். அப்ப அந்தப் பிள்ளையோட பேப்பரை யார் திருத்துதான்னு நமக்குத் தெரியாமலே போயிரும்" என்றேன்.

எனக்கு இந்த விஷயத்தில் பூசி மெழுகுகிற பேச்சே கிடையாது. மதிப்பெண்ணைக் கையில் வைத்திருக்கிறவன், தன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்த்து ஆசைப்பட்டால், அவள் படிப்பு முடியும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு. முடியவில்லையா, எழுதிக் கொடுத்துவிட்டு அவள் விடைத்தாளைத் தொடாமல் விலகி நிற்க வேண்டும். இதைத்தான் விதியாக எழுதினேன். ஆசிரியர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த மாணவியின் தாள்களை வேறொருவர் திருத்த வேண்டும். விஷயம் எங்கள் மூவரைத் தாண்டக் கூடாது. மாணவிக்கு எந்தத் தண்டனையும் கிடையாது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஆங்கிலத்தில் திருத்தித் திருத்தி எழுதினேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஆறு மாதத்தில் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். இறுதியாண்டு. கயத்தாறு பக்கத்துக் கிராமம். அப்பாவுக்கு ஆடும், மானாவாரி நிலம் கொஞ்சமும். அந்த வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள். டிகிரி முடித்ததும் பி.எட். சேர்ந்து டீச்சராக வேண்டும் என்று முதல் வருஷத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் காதலிப்பது எங்கள் துறையிலேயே ஒரு தாள் எடுக்கிற இளம் விரிவுரையாளரை.

"யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல மிஸ். நானாத்தான் பேசுதேன். ஆனா நாளைக்கு நான் மார்க் எடுத்தா, சார் போட்டுக் குடுத்துட்டாருன்னு சொல்லுவாவ இல்லியா? அதுதான் பயமா இருக்கு."

எவ்வளவு தெளிவு! அந்த மனுஷனுக்குத் தோன்றாதது இவளுக்குத் தோன்றியிருக்கிறது. விதியை எடுத்துக் காட்டினேன். அவர் எழுதிக் கொடுக்கட்டும், நீயும் கையெழுத்துப் போடு, உனக்குத்தான் பாதுகாப்பு, வெளியே ஒரு ஈ, காக்காவுக்குத் தெரியாது என்று அடித்துச் சொன்னேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல்வர் வாங்கி வைத்துக்கொண்டார்.

வைத்துக்கொண்டவர் சும்மா இருந்தாரா? கோப்பில் சேர்க்கும்படி அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். விதியோடு சேர்த்து நான் எழுதிய படிவத்தை அச்சுக்குக் கொடுத்தபோதே அலுவலகம் தன் வழக்கப்படி அடியில் அந்தக் கோட்டைப் போட்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. கிளார்க் அண்ணாச்சி கவனித்தார். பெண்பிள்ளை படிவம், கோடு காலி. அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு வகுப்பில் இருந்த என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஜன்னல் முன்னால் சலவை வேட்டியும் சட்டையுமாக ஒருவர் நின்றார். மச்சானிடம் ஆட்டை ஒப்படைத்துவிட்டு முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். கையில் அந்தப் படிவம்.

"அம்மா, பாப்பா பேப்பர்ல என் கையெழுத்து ஒண்ணு விட்டுப்போச்சுன்னு சொன்னாவ. ஸ்காலர்ஷிப்பா இருக்கும்னு வந்தேன். இங்கிலீசுல இருக்கு. என்னன்னு வாசிச்சுச் சொல்லுங்க, போட்டுருதேன்."

நான் எழுதிய வரிகள். என்னையே வாசிக்கச் சொல்கிறார்.

"பரீட்சை சம்பந்தமானதுதான். நீங்க போட வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்" என்று காகிதத்தை வாங்கக் கை நீட்டினேன்.

ஜன்னலுக்குள்ளிருந்து கிளார்க் அண்ணாச்சி எழுந்தார். கெட்ட மனுஷர் இல்லை. வேலையில் ஒரு குறை வைக்காதவர். அதுதான் வினை. "இல்ல மிஸ், இது அந்தச் சார் விஷயம்லா? பொண்ணும் சாரும் விரும்புதாங்கன்னு போட்டிருக்கே. அப்பாவுக்குத் தெரியாம நான் எப்படி ஃபைல்ல சேக்க?"

சுற்றிலும் பீஸ் கட்ட நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சத்தம் போடவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "பாப்பாவைக் கூப்பிடுங்க" என்றார். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சார் எங்கே என்று கேட்கிறீர்களா? விஷயம் காதில் விழுந்ததும் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்பக்க கேட் வழியாகப் போயிருந்தான். இதுவரை மரியாதையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். இனி அவனுக்கு அந்த 'ர்' கிடையாது.

முதல்வர் அறையில் நான் கத்தியது வராண்டா முழுக்கக் கேட்டிருக்கும். "மூணு பேரைத் தாண்டக் கூடாதுன்னு எழுதியிருக்கோமே சார்!" என்றேன்.

"பொம்பளப் பிள்ளை விஷயம் மேடம். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவிய வந்து நம்ம சட்டையைத்தானே பிடிப்பாவ?"

"அந்த ஆளு வீட்டுக்குப் போன் போட்டியளா? அவனுக்கும் அப்பா, அம்மா இருக்காவல்லா?"

அவனுக்குக் கிடைத்த தண்டனை, இறுதியாண்டுக்குப் பதிலாக இரண்டாமாண்டு வகுப்பு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே தலையில் விழுந்தன.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு நானே அவள் ஊருக்குப் போனேன். அப்பா என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கெஞ்சினேன். உள்ளே அவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று அவள் அம்மா ஜாடை காட்டினாள். கடைசியில் அவர் சொன்னார்: "எழுதட்டும். நான் கூடவே வருவேன். வாசல்ல இருப்பேன்." சொன்னபடி ஒவ்வொரு நாளும் வந்தார். மூன்று மணி நேரமும் வேப்பமரத்தடியில் குந்தியிருந்து, மணி அடித்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

முடிவு வந்தது. மற்ற தாள்களில் நல்ல மதிப்பெண். ஒரே ஒரு தாளில் தோல்வி. அவன் நடத்திய தாள். எழுத்துத் தேர்வில் அதிலும் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். இன்டர்னல் மார்க் இருக்க வேண்டிய இடத்தில் 'வரவில்லை' என்று இருந்தது. அவன் விதிப்படி தாளைத் தொடவில்லையாம். வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. மூன்று டெஸ்ட் விடைத்தாளும் திருத்தப்படாமல் அவன் அறை பீரோவில் கிடந்தன. நாங்கள் எழுதாததைக் கல்லூரி அக்கறையாகச் செய்தது. எழுதியதில் அவளுக்கு உதவக்கூடிய அந்த ஒன்றைச் செய்ய மறந்துபோனது. முதல்வர் செய்திருப்பார் என்று நானும் இருந்துவிட்டேன். அடுத்த அறைதானே, எட்டிப் பார்த்தேனா? இல்லை. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

அன்றே விடைத்தாள்களை வாங்கித் திருத்தினேன். தாராளமாகவே தேறினாள். மதிப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு முதல்வரிடம் ஓடினேன்.

"அனுப்பிரலாம் மேடம். ஆனா நம்மளா அனுப்ப முடியாது. அந்தப் பொண்ணு ஒரு மனு எழுதிக் குடுக்கணும். வேற ஆள் ஏன் திருத்துனாவன்னு காரணத்தை விவரமாப் போட்டு."

வேறு வழி தெரியவில்லை. போன் போட்டேன். அப்பாதான் எடுத்தார். யாரென்று சொன்னேன். பிறகு, "ஏட்டி, ஒங்க மிஸ்ஸு" என்று குரல் கேட்டது. நடந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு பக்கம் எழுதினால் போதும், டிகிரி கைக்கு வந்துவிடும், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"எழுதுனா யாருக்கும் தெரியாதுல்லா மிஸ்?" என்று கேட்டாள்.

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த மனுவும் கிளார்க் அண்ணாச்சி மேஜை வழியாகத்தான் போக வேண்டும். அவள் போனை வைக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.