அலசல் வாங்கிய ரூட்டர்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் அந்தக் குடியிருப்பில் ஒருவருக்கும் வழி காட்டத் தெரியாது. "ஓ, அலசலா? ரெண்டாவது மாடி, இடது பக்கம்" என்பார்கள். மின்விசிறி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. சுற்றுகிற விசிறியைக் காது கொடுத்துக் கேட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து, ஒன்று 'சரி' என்று முத்திரை குத்துவார், இல்லாவிட்டால் 'தள்ளு' என்று குத்துவார். முத்திரையை அங்கேயே வைத்துவிட்டு வந்திருந்தால் வீட்டில் இருப்பவர்கள் பிழைத்திருப்பார்கள்.

மனுஷன் ஒரு செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் முதல் கடைக்கே திரும்பிப் போய் நிற்பார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர் வாங்கிய பொருள் உழைக்கும். அதனால் அக்கம்பக்கத்தில் யார் எதை வாங்கினாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். அவர் பார்த்து வாங்கியது தப்பாகப் போனதாகச் சரித்திரம் இல்லை. போயிருந்தாலும் அவர் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

ஒரே மகள் வந்து ஒரு பையனை விரும்புவதாகச் சொன்னபோதும் அவர் இதே வேலையைத்தான் செய்தார். பையனுடைய அலுவலகத்துக்கே போய், அவனுடைய மேலதிகாரியைப் பிடித்து, ஆள் எப்படி, கோபம் வருமா, அடிக்கடி லீவு போடுவானா என்று நோண்டி நுங்கெடுத்துவிட்டு வந்தார். வந்து, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் எல்லாவற்றையும் ஒப்பித்து, "சரிப்படாது" என்று முடித்தார். பையனுக்கு அலுவலகத்தில் தலைகாட்ட முடியவில்லை. மகள் எழுந்து கை கழுவிக்கொண்டு போனவள், அப்பாவையும் சேர்த்தே கை கழுவிவிட்டாள். அந்தப் பையனையே பதிவுத் திருமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். தங்கமான பையன் என்பது பிற்பாடு எல்லாருக்கும் தெரிந்தது. அலசலுக்கும் தெரிந்தது. சொன்னால் அல்லவா.

அம்மாவோடு மட்டும் அவள் பேச்சை விடவில்லை. போனில் பேசினால் அம்மா அழுகிறாள் என்று நெட்டில் இரண்டு பேரும் சேர்ந்து விளையாட ஒரு கேம் பெட்டியை வாங்கி அனுப்பினாள். வீட்டில் ஏற்கெனவே அவள் படிக்கும்போது விளையாடிய பழைய பெட்டி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. புதியதை அம்மா கூடத்து டிவியில் மாட்டிக்கொண்டாள். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற அந்த அம்மாளுக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டால் டிவியில் காரை விரட்டு விரட்டென்று விரட்டி மகளுடைய காரைப் பள்ளத்தில் இடித்துத் தள்ளுவாள். ஹெட்செட் மாட்டினால் மூக்குக்கண்ணாடிக் கம்பி காதில் குத்துகிறது என்று, மகளின் குரலை டிவியிலேயே வர வைத்திருந்தாள்; அவள் பேசுவது கண்ட்ரோலரில் இருந்த மைக் வழியாகப் போகும். அந்தக் குரலுக்காகவே அலசல் படுக்கையறையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தைப் புரட்ட மாட்டார், சத்தம் கேட்குமே.

ஆட்டம் முடிகிற நேரத்தில் அம்மா மெதுவாக ஆரம்பிப்பாள். "இருடி, அப்பா உள்ளதான் இருக்காரு, ஒரு வார்த்தை பேசிடு." அலசல் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வேட்டியைச் சரி செய்துகொண்டு எழுந்திருப்பார். வாசற்படியைத் தாண்டுவதற்குள் நெட் போய்விடும். மகளுடைய கார் அப்படியே காணாமல் போகும். கொஞ்ச நேரம் கழித்து அவள் திரும்பி வந்து, "நெட் போயிடுச்சும்மா, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

"பேசத்தாங்க இருந்தா. இந்தப் பாழாப்போன நெட்டுதான்" என்பாள் மனைவி.

அலசல் அதை அப்படியே நம்பினார். ஊரில் ஒரு குண்டூசியைக்கூட நம்பாத மனுஷன் இதை மட்டும் நம்பினார். நெட் மட்டும் நேராக நின்றால் மகள் பேசிவிடுவாள். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆகவே ரூட்டரை மாற்றுவது என்று முடிவு செய்தார்.

மேல் வீட்டு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கும் ஒரு ரூட்டர் தேவைப்பட்டது. அவர் பேரன்கள் கேம் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆன்டெனாக் கொம்பு நிறைய இருந்தா நல்லதாமே?" என்றார் மாஸ்டர்.

"கொம்ப வச்சு என்ன செய்யறது, முட்டவா போறோம்? வேகம் வேற, தாமதம் வேற மாஸ்டர். படம் பாக்க வேகம் போதும். கேமுக்கு நீங்க பொத்தான அழுத்தின நொடியே அங்க போய்ச் சேரணும்."

"ரோடு அகலமா இருந்தா மட்டும் போதாது, சிக்னல்ல நிக்காம போகணும்னு சொல்றீங்க."

"அதேதான். சிலதுல கேமுக்கு மட்டும் முதல்ல வழி விடற வசதி இருக்கு. அப்புறம் ரெண்டு அலை இருக்கு. ஒண்ணு சுவரைத் தாண்டும், மெதுவாப் போகும். இன்னொண்ணு பறக்கும், ஆனா சுவத்தைக் கண்டா சோர்ந்துடும்."

"என் சம்சாரம் மாதிரி" என்றார் மாஸ்டர். "சரி, நீங்க வாங்குங்க. நீங்க சரின்னா நானும் கண்ண மூடிட்டு அதையே வாங்கிடறேன்."

கடைப் பையன்கள் அவரைத் தூரத்தில் பார்த்தாலே சாப்பிடப் போய்விடும் அளவுக்கு அலைந்து, ஒருவழியாக ஒன்றை வாங்கினார். அதைக் கூடத்தின் நடுச்சுவரில் உயரமாக மாட்டினார். சந்தேகத்துக்கே இடம் வைக்கக் கூடாதென்று, மனைவியின் பெட்டிக்கு நேராக வயரே இழுத்துக் கொடுத்தார். அதோடு விட்டாரா? தொழிற்சாலையில் ஒரு விசிறியைச் சோதிக்கும்போது பக்கத்தில் இன்னொன்றையும் ஓட விட்டு ஒத்துப் பார்ப்பது வழக்கம். அந்தப் புத்தி எங்கே போகும். மகளுடைய பழைய பெட்டியைத் தூசி தட்டிப் படுக்கையறை டிவியில் மாட்டி, வயரில்லாமல் அதே ரூட்டரில் சேர்த்தார். நெட் போனால் இரண்டும் சேர்ந்து போக வேண்டும் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தீர்ப்புக் கேட்க மாஸ்டரும் இறங்கி வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டார். அம்மாவும் மகளும் காரை விரட்டினார்கள். படுக்கையறையில் அலசல் பழைய பெட்டியில் கால்பந்து ஒன்றைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். நெட்டில் முன்பின் தெரியாத எவனோ ஒருவன் அவர் அணிக்குள் கோலாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தான். ஒரு தடங்கல் இல்லை. அலசலுக்கு ஏகப்பட்ட திருப்தி.

"இருடி, அப்பாவக் கூப்பிடறேன்" என்றாள் மனைவி.

அவர் எழுந்தார். கூடத்து டிவியில் மகளின் குரல் நின்றது. "போச்சு" என்றாள் மனைவி. அலசல் திரும்பித் தன் டிவியைப் பார்த்தார். அந்த முகம் தெரியாதவன் சாவகாசமாக இன்னொரு கோல் போட்டான்.

வயரில் இருந்தது போயிருக்கிறது, வயரில்லாதது நிற்கிறது. தொழிற்சாலை என்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள் முத்திரை குத்தியிருப்பார். கோளாறு இந்தப் பக்கம் இல்லை. என்னைக் கூப்பிடுகிற நேரம் பார்த்தா வாராவாரம் அந்தப் பக்கத்து நெட் போகும்? மகள்தான் அணைத்திருக்கிறாள். இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவளேதான் அணைத்திருக்கிறாள். என் பேரைக் கேட்டாலே ஓடுகிறாள். கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

மனைவி கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "பாருங்க மாஸ்டர், இவ்வளவு அலசி வாங்கினாரு. இதுவும் அதே லட்சணம்" என்று சிரித்தாள். கண்ணில் சிரிப்பு இல்லை. மாஸ்டர் அலசலின் வாயையே பார்த்தார்.

ரூட்டரில் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லலாம். உண்மைதான், நிரூபிக்கவும் முடியும், பேரும் நிற்கும். ஆனால் மகள் வேண்டுமென்றேதான் போகிறாள் என்பதை இவளுக்கு முன்னால் தூக்கி வைத்த மாதிரி ஆகிவிடும். நெட் நெட் என்று சொல்லித்தானே இவள் வாரத்தை ஓட்டுகிறாள்.

"ஆமா" என்றார் அலசல். "நான் பாத்து வாங்கினது தப்பாப் போச்சு. நீங்க இத வாங்காதீங்க, மாஸ்டர்."

மாஸ்டர் பேயறைந்தவர்போல உட்கார்ந்திருந்தார். மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அதற்குள் டிவியில் மகளுடைய கார் திரும்ப வந்து நின்றது.

"நெட் போயிடுச்சும்மா. அடுத்த வாரம்..."

"இங்கதாண்டி கோளாறு. உங்கப்பா புதுசா ஒரு ரூட்டர் வாங்கி மாட்டினாரு. தான் பாத்து வாங்கினது தப்புன்னு மாஸ்டர் முன்னாடி அவரே சொல்றாரு."

டிவியில் காரின் உறுமல் மட்டும் கேட்டது. இப்போது போய்விடும், இப்போது போய்விடும் என்று அலசல் அந்தக் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரா சொன்னாரு?"

"ஆமாண்டி."

"ரூட்டர்ல ஒண்ணும் இருக்காதும்மா" என்றாள் மகள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அப்பா தப்பா வாங்க மாட்டாரு."

மனைவி கண்ட்ரோலரை அவரிடம் நீட்டினாள். அதில் எந்த ஓட்டையில் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்.

"பக்கத்துல இருக்காராம்மா?"

"இருக்கேம்மா" என்றார்.