நிரை முடியும் இடம்

1984 ஆகஸ்டு 14, செவ்வாய்க்கிழமை. விடியுமுன் எழுந்தேன். கொதித்த தண்ணீரைப் பிளாஸ்கில் ஊற்றி, மனைவியின் மாத்திரைகளைச் சின்னத் தட்டில் எடுத்து வைத்தேன். அலுவலகச் சட்டையைத் தேய்த்தேன். அவள் கதவோரம் உட்கார்ந்து கான்வாஸ் சப்பாத்தின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இடது கை சரியாக நீளாது. உதவப் போனால் கோபம் வரும்.

மார்பில் வந்த புற்றுநோய்க்கு ஈப்போவில் அவளுக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. முடி போனதை அவள் பெரிதுபடுத்தவில்லை. மறதிதான் அவளைப் பயமுறுத்தியது. குழம்பில் உப்பை மறுபடியும் போடுவாள். பேசிக்கொண்டே வருவாள், அடுத்த சொல் வராமல் என் முகத்தைப் பார்ப்பாள். ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகை. கேள்விப்பட்டு கோப்பெங்கிலிருந்து என் அக்கா வந்துவிட்டாள்.

"நீ வேலைக்குப் போயிட்டா இவள யாரு பாக்குறது? என்கிட்ட விட்டுடு."

"என் வீட்ட விட்டு நான் வரல அண்ணி," என்றாள் மனைவி.

"வீட்டையே கொளுத்தப் பாத்த. அப்புறம் எந்த வீட்ட விட்டு வரல?"

மனைவி சிரித்தாள். ஆனால் அன்று அவள் சாப்பிடவில்லை. தீபாவளி வரை பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அக்கா போனாள்.

மருந்து ஏற்றும் தாதியிடம், ஆஸ்பத்திரி மிஸ்ஸியிடம், மறதியைப் பற்றிக் கேட்டோம். "படுத்தே கிடக்காதீங்க. முடிஞ்ச வரைக்கும் தினமும் நடங்க. உடம்போட தலையும் கொஞ்சம் தெளியும்," என்றார். மனைவி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். மருந்து ஏற்றி வந்து வாந்தி எடுத்த நாட்களில்கூடச் சப்பாத்து மாட்டினாள்.

அவள் எப்படி நடக்கிறாள் என்று எதிர்வீட்டுப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அக்கா நேரா நடக்குறதில்ல. இந்தப் பக்கம் ஒரு கேட்டத் தொடுறாங்க, அப்புறம் அந்தப் பக்கம் ஒரு கேட்டு. எல்லாரும் ஒரு மாதிரி பேசுறாங்க."

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போனேன். கொஞ்ச தூரத்திலேயே புரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன் அவள் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பட்டை சீவிப் பால்மரம் வெட்டியவள். அவர்கள் தோட்டத்தில் ஒருவர் பங்குக்கு விட்ட மரங்களை நிரை என்பார்கள்; அதில் இடப்பக்கம் ஒரு மரம், வலப்பக்கம் ஒரு மரம் என்று மாறி மாறி வெட்டிக்கொண்டே போவார்கள்.

"என் நிரையில எந்த மரம் நல்லாப் பால் விடும், எது காஞ்சதுன்னு அப்ப கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன்," என்றாள். இப்போது ஒவ்வொரு கேட்டையும் தொட்டு அது யார் வீடு என்று மெல்லச் சொல்லிக்கொண்டு நடந்தாள். "தையக்காரம்மா வீடு. நாய் வளக்கிற சீன வாத்தியார் வீடு." ஓரிடத்தில் மட்டும் நின்று யோசித்தாள். பிறகு சரியாகவே சொன்னாள்.

திரும்பும்போது எங்கள் கேட்டைத் தொட்டாள்.

"இது," என்றாள். நான் காத்திருந்தேன். கையை எடுத்துவிட்டு எதிர்ப்பக்கக் கேட்டுக்குப் போனாள். பிறகு அடுத்ததற்கு. நான் எங்கள் கேட்டருகிலேயே நின்றேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள்.

"தாண்டி வந்துட்டேனா?"

"ஆமா."

"மத்ததெல்லாம் வந்துடுது. இதுதான் வரமாட்டேங்குது. அண்ணிகிட்ட சொல்லிடாதீங்க."

அன்று மாலை, நான் சட்டையைக் கழற்றுமுன்பே கேட்டாள். "தோட்டத்துல ஒருத்தர் நிரை முடியிற மரத்துல வெள்ளப் பெயிண்ட் அடிச்சிருப்பாங்க. அதப் பாத்தா நின்னுடுவோம். நம்ம கேட்டுத் தூண்லயும் அடிங்களேன்."

"தெருவுல கேப்பாங்களே."

"கேக்கட்டும். சொந்த வீடு தெரியாம நிக்கிறத விட அது தேவல."

பார்க்கலாம் என்றேன். அடித்துவிட்டால் அவள் இனித் தேறமாட்டாள் என்று நானே ஒப்புக்கொண்டது போலிருந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை. சப்பாத்தைத் துடைத்து, தெருவைப் பார்த்தாற்போல் கதவோரம் வைத்தாள்.

மறுநாள் காலை நான் முதலில் தண்ணீர் கொதிக்க வைக்கவில்லை. ஜன்னலுக்கு அடித்து மிஞ்சியிருந்த பெயிண்ட் டின்னைத் திறந்து, கேட்டுத் தூணில் அவள் கண் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை இழுத்தேன்.