மாமா மென்பொருள் தேர்ந்தெடுத்த கதை

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு மனசு வராது. அவர் எங்கள் ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் மேனேஜர். நான் அங்கேயே ஸ்டோர் கீப்பர். வீட்டில் எனக்கு மாமா, வேலையில் சார். இரண்டு இடத்திலும் அலட்டல் மட்டும் ஒன்றுதான்.

ஆறு மாடி, நானூறு கம்ப்யூட்டர். எந்த ஒயர் எந்தச் சுவருக்குள் புகுந்து எந்தப் பெட்டியில் போய்ச் சேருகிறது என்பது ஒரு துண்டுக் காகிதத்தில்கூட இல்லை. எல்லாம் மாமாவின் மண்டைக்குள்தான். லேப் ரிப்போர்ட் வார்டுக்கு வரவில்லையா, மாமாவைக் கூப்பிடு. பில் கவுண்டர் நின்றுவிட்டதா, மாமாவைக் கூப்பிடு. சாப்பிடும்போது போன் வந்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! எச்சில் கையோடு எழுந்து, "நான் வந்தாத்தான் ஆகுமா? சரி, யாரும் எதையும் தொடாதீங்க" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார்.

டைரக்டருக்கு இது பிடிக்கவில்லை. எது பழுதானாலும் உடனே காட்டிக்கொடுக்கிற, எது எங்கே இருக்கிறதென்று படம் போட்டு வைக்கிற மென்பொருள் ஒன்றைப் பார்த்து வையுங்கள் என்றார். அந்தப் பொறுப்பைத் தூக்கி மாமாவிடமே கொடுத்தார், மகா புத்திசாலி.

அதே மாதம்தான் வெளிநாட்டில் இருக்கிற அக்கா மகளை டாக்டர் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார். தலைப்பிரசவம், ரத்த அழுத்தம் வேறு. "அப்பா, அம்மாவோட நீங்களும் ஒரு மாசம் வந்து இருங்கப்பா. எனக்குப் பயமா இருக்கு" என்று போனில் அழுதாள்.

"இந்த சாஃப்ட்வேர் டூல் மட்டும் முடிவாகட்டும்மா. அது வந்துட்டா அப்புறம் என்னை யாரு தேடப் போறா? அடுத்த பிளேன்ல வந்துடறேன்" என்றார் இவர்.

முடிவானால்தானே! ஒவ்வொரு கம்பெனிக்காரனும் வந்து காட்டிவிட்டுப் போனான். முதலாவது, சின்ன விஷயத்துக்கெல்லாம் மெயில் அனுப்பி உயிரை வாங்குகிறதாம். அடுத்தது மெயிலே அனுப்ப மாட்டேன் என்கிறதாம். மூன்றாவதில் படம் கோணலாம். இன்னொன்று இலவசம், "ஓசியில வர்றதை நம்பி ஆஸ்பத்திரி நடத்த முடியுமா?" என்று ஒரு முறைப்பு. இதையெல்லாம் ஒப்பிட்டு ஒரு அட்டவணை வேறு. நாற்பத்து மூன்று கட்டம். எழுத்தின் அழகுக்குக்கூட மார்க் போட்டிருந்தார் அந்த மேதை.

கேன்டீனில் ஒருநாள் பிடித்துக்கொண்டேன். "மாமா, உண்மையைச் சொல்லுங்க. எதையாவது வாங்கற எண்ணம் இருக்கா?"

சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "மாப்ள, எல்லாத்தையும் படமாப் போட்டு வெச்சுட்டா, நாளைக்கு எவன் வேணா வந்து பாப்பான். அப்புறம் எனக்கு என்ன மரியாதை?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அங்க உங்க பொண்ணு படுத்த படுக்கையா கிடக்கறா!"

"அதுக்குத்தான் உங்க அக்கா போறாளே" என்று டீயை உறிஞ்சினார்.

அக்கா தனியாகத்தான் போனாள். ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். இரண்டு நாள் மகளுக்கு நினைவில்லை. தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு அக்கா போன் செய்தபோது, "டெமோ நடக்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். சம்பந்தியம்மா, "அவங்க அப்பா வரலையா?" என்று கேட்கும்போதெல்லாம் அக்கா என்னென்னவோ சொல்லிச் சமாளித்திருக்கிறாள். அவள் பட்ட அவமானம் இந்த மனுஷனுக்கு எங்கே உறைக்கப் போகிறது?

மகள் தேறியதும் அக்கா திரும்பி வந்தாள். மூன்று வருஷம் ஓடியது. பேத்தி தவழ்ந்தாள், நடந்தாள், பேசினாள். எல்லாவற்றையும் இவர் போனில்தான் பார்த்தார். கூப்பிடும்போதெல்லாம், "டூல் முடிவாகட்டும்." மகளும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனாள்.

போன மாதம் புதிதாக ஒரு இன்ஜினியர் பெண் சேர்ந்தாள். முதல் வாரமே ஸ்டோருக்கு வந்து, "அண்ணா, கழிச்சுப் போட்ட கம்ப்யூட்டர் ஒண்ணு கிடைக்குமா?" என்றாள். எதற்கு என்று கேட்டேன், சொன்னாள். இருந்ததிலேயே நல்லதாக ஒன்றைத் துடைத்துக் கையெழுத்துகூட வாங்காமல் கொடுத்தேன். மாமா ஓசி என்று ஒதுக்கினாரே, அதே மென்பொருளை அதில் போட்டாள். மாமா சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் அது ஆஸ்பத்திரி முழுவதையும் தானே தேடிப் பிடித்துப் படம் போட்டுவிட்டது. மொத்தம் நாற்பது நிமிஷம். மாமாவே மறந்துபோன பதினோரு பெட்டிகளையும் சேர்த்து! அதில் ஒன்று எக்ஸ்ரே அறையின் சீலிங்குக்கு மேலே தூசி மண்டிக் கிடந்தது.

மாமா திரையை உற்றுப் பார்த்தார். "எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கே" என்றார். அந்தப் பெண் ஒரு பட்டனைத் தட்டிப் பெரிதாக்கிக் காட்டினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

டைரக்டருக்கு ஏகக் குஷி. "இனிமே நீங்க தாராளமா லீவ் எடுக்கலாம் சார். எத்தனை மாசம் வேணும்னாலும்" என்று முதுகில் தட்டினார்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் இருந்தேன். ஒருநாளும் இல்லாத திருநாளாக மாமாவே மகளுக்குப் போன் போட்டார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு.

"அம்மாடி, வேலை முடிஞ்சுதும்மா! டிக்கெட் போடட்டுமா? மூணு மாசம் இருக்கறேன்."

"எதுக்குப்பா?" என்றாள் மகள். கோபமெல்லாம் இல்லை, பால்காரரிடம் கணக்குக் கேட்கிற குரல். "பாப்பா ஸ்கூலுக்குப் போறா. நானும் வேலைக்குப் போறேன். பகல்ல வீட்டுல யாரும் இருக்க மாட்டோம். நீங்க தனியா என்ன பண்ணுவீங்க?"

"இல்லம்மா, ஒத்தாசையா..."

"ஒத்தாசை வேண்டியபோது கேட்டேன்ப்பா. இப்ப ஒண்ணும் வேண்டாம். பாப்பாவைக் குளிப்பாட்டணும், வெச்சுடறேன்."

மாமா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். "என்னடி இப்படிப் பேசறா? கேட்டியா நீ?"

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அவ சொல்றதை நான் மூணு வருஷமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க இன்னிக்குத்தான் கேக்கறீங்க" என்றாள்.